சடையன் மறைத்த எறும்புகள்

தேனுக்குப் பேர்போன ஒரு காட்டில் சடையன் என்ற கரடி இருந்தான். எவ்வளவு உயரமான பாறையில் தேன்கூடு இருந்தாலும் ஏறி அறுத்துக்கொண்டு வந்துவிடுவான். வருடத்துக்கு ஒருநாள் மருத மரத்தடியில் காடே கூடித் தேன் விருந்து சாப்பிடும். முதல் வாய் சடையனுக்குத்தான். அவன் தின்று தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். அந்த மரியாதை என்றால் சடையனுக்கு உயிர்.

அந்த வருடம் சடையனுக்கு உடம்பு சரியில்லை. ஓடையில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஒன்றுக்குப் போக அடிக்கடி பாறைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியிருந்தது. காலில் குத்திய சின்ன முள் புண்ணாகி, ஒரு மாதமாக ஆறாமல் கிடந்தது.

யாருக்கும் தெரியாமல் மரங்கொத்தி வைத்தியரிடம் போனான். அவர் அலகால் அவன் விரலில் ஒரு குத்து குத்தி, ஒரு துளி ரத்தத்தை இலையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இலை முழுக்க எறும்பு மொய்த்தது.

“சர்க்கரை நோய், சடையா” என்றார் வைத்தியர்.

சடையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எனக்கா? தேன் அறுக்கிறவனுக்கே சர்க்கரை நோயா? வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்களே!”

“சிரிக்கிறவங்களை விடு. தேனையும் பழத்தையும் குறை. தினமும் காலையில மலையடி வரைக்கும் நட. இந்த மருந்தை விடாம சாப்பிடு. புண்ணைக் கழுவி என்கிட்ட வந்து காட்டு. இந்த நோய் உன்னை விட்டுப் போகாது. ஆனா நீ ஒழுங்கா இருந்தா அதுவும் ஒழுங்கா இருக்கும்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வைத்தியரே!”

“நான் சொல்ல மாட்டேன். எறும்பு வாயை யாரு அடைக்கிறது?”

பிறகு சடையன் என்ன செய்தான் தெரியுமா, குழந்தைகளே? மருந்தைச் சாப்பிடாமல் மரப்பொந்தில் ஒளித்து வைத்தான். நடந்தால் ஏன் நடக்கிறாய் என்று கேட்பார்களாம், அதனால் நடக்கவில்லை. மனைவி பூவாயி பலாச்சுளையைத் தேனில் தோய்த்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் காரணம் கேட்பாளாம், அதனால் தின்றான். ஒன்று இரண்டல்ல, ஒன்பது சுளை! நல்ல பிழைப்பு!

ஆனால் எறும்புகள் சும்மா இருக்குமா? அவன் ஒதுங்கும் பாறைக்குப் பின்னால் சாரை சாரையாக வந்தன. சடையன் பயந்துபோய் அவற்றை உறிஞ்சித் தின்றான். மறுநாள் இரண்டு மடங்கு வந்தன. மண்ணைப் போட்டு மூடினான். மண்ணுக்கு மேலேயும் வந்தன.

ஒருநாள் சடையன் இல்லாத நேரம் குரங்கு அந்த எறும்புச் சாரையைப் பார்த்துவிட்டது. உடனே ஒரு மரம் விடாமல் தாவிக் காட்டையே கூட்டிவிட்டது.

“இங்க வர்ற யாருக்கோ சர்க்கரை நோய்! யாருன்னு மரியாதையா சொல்லிடுங்க!”

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சடையனுக்கு வியர்த்துக் கொட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் வேலப்பன் என்ற முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தான். கிழங்கு தோண்டித் தின்பவன், அதிர்ந்து பேசாதவன்.

“இந்தப் பக்கம் வேலப்பன்தான் வருவான்” என்றது சடையனின் வாய். “நான் பார்த்திருக்கேன்.”

“அதானே! கிழங்கா தின்னா வேற என்ன வரும்?” என்று குரங்கு கைகொட்டிச் சிரித்தது. மற்றவர்களும் சிரித்தார்கள். வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். தப்பித்தோம் என்று சடையன் மூச்சு விட்டான். ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு நாள் கழித்து வேலப்பன் சடையனின் குகைக்கு வந்தான்.

“அண்ணே, வைத்தியர்கிட்டப் போனேன். எனக்கு ஒரு நோயும் இல்லையாம்.”

சடையன் குகைச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். “அப்போ… அதை எல்லார்கிட்டயும் சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்லலைண்ணே. நான் இல்லைன்னா, அடுத்து யாருன்னு தேடுவாங்க. அது யாரோ, பாவம், ஏற்கெனவே கூசிப்போய்க் கிடக்கும். கொஞ்ச நாள் அந்த நோயாளி நானாவே இருந்துட்டுப் போறேன். உங்க பேச்சைத்தான் எல்லாரும் கேட்பாங்க. யாருன்னு தெரிஞ்சா, என்கிட்ட வரச் சொல்லுங்க. வைத்தியர் நடக்கச் சொல்லுவாராம். தனியா நடக்க வெட்கமா இருந்தா நான் கூட வர்றேன்.”

சடையன் குகைச் சுவரைப் பார்த்தபடியே “சரி” என்றான். வேலப்பன் போன பிறகும் அவனால் தலை நிமிர முடியவில்லை. அப்போதாவது உண்மையைச் சொன்னானா? இல்லை. விருந்துக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

விருந்து நாள் வந்தது. மருத மரத்தடியில் எல்லோருக்கும் இலை போட்டார்கள். வேலப்பனின் இலையில் மட்டும் குரங்கு ஒரு கொத்து வேப்பிலையை வைத்தது.

“உனக்குத் தேன் கிடையாது, சர்க்கரைக்காரா! இதைத் தின்னு!”

காடே சிரித்தது. ‘எனக்கு நோயில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலப்பன் சொல்லவில்லை. வேப்பிலையில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

சடையன் கையில் தேனடை இருந்தது. முதல் வாய்க்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கை மேலே எழவில்லை.

“அந்த எறும்பு என்னைத் தேடி வந்தது” என்றான் சடையன். “நோய் எனக்குத்தான். வேலப்பனுக்கு ஒண்ணும் இல்லை. தெரிஞ்சேதான் அவன் பேரைச் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சடையனுக்குத் தோன்றியது. குரங்கு மெல்ல அந்த வேப்பிலையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

“என்கிட்டகூடச் சொல்லலையே!” என்றாள் பூவாயி. “நோயாளின்னு தெரியாம நானே பலாச்சுளை ஊட்டிட்டேனே!” அவள் அழுததைப் பார்த்ததும் சடையனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல் இருந்தது.

அவன் நொண்டிக்கொண்டே போய், தேனடையை வேலப்பனின் இலையில் வைத்தான். “முதல் வாய் இனிமே உனக்கு.”

வேலப்பன் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டினான். பிறகுதான் காடு சாப்பிட்டது.

மறைத்து வைத்த புண் அதற்குள் முற்றியிருந்தது. கால்விரல் ஒன்றை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்றார் வைத்தியர். எடுத்தார்கள். காயம் ஆறிய மறுநாள் காலை, குகை வாசலில் வேலப்பன் நின்றான்.

“நடக்கலாமாண்ணே?”

“உனக்குத்தான் நோயே இல்லையே. நீ எதுக்கு நடக்கணும்?”

“கூட வர்றேன்னு சொல்லியிருந்தேனே.”

இருவரும் தினமும் மலையடி வரை நடந்தார்கள். சடையன் மருந்தைப் பூவாயி கையிலேயே வாங்கிச் சாப்பிட்டான். சில மாதங்களில் பாறைக்குப் பின்னால் எறும்புகள் வருவது நின்றுவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நடக்கும்போது சடையன் ஓரடி பின்னால்தான் நடப்பான். வேலப்பனின் முகத்தை நேராகப் பார்க்க அவனுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

நீதி: உடம்புக்கு வந்த நோயைச் சொல்ல வெட்கப்படாதே, அதை மறைக்க அடுத்தவர்மேல் பழி போட வெட்கப்படு.