கண் திறக்காத அம்மன்

"நான் செஞ்ச அம்மனுக்கு ஆயிரம் வயசுன்னு எழுதி வச்சிருக்காங்க, ஐயா."

மாசிலாமணி பட்டறை வாசலில் நின்றே சொன்னான். அம்பலவாண ஸ்தபதியிடம் கல் வேலை படித்தவன். சீடனுக்குக் குருவைவிட ஒரு வயது கூட, கோபமும் கூட.

குரு உளியைக் கீழே வைக்கவில்லை.

"எங்க எழுதியிருக்கு?"

"மியூசியத்துல."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

மாசிலாமணி தரையைப் பார்த்தான். "நான்தான்."

ரகசியமாகச் செதுக்கினான். வலது கையை உடைத்தான். ஒரு மழைக்காலம் முழுக்கச் சாணக் குழியில் புதைத்து வைத்தான். பிறகு கிணறு வெட்டும்போது கிடைத்ததாகச் சொல்லி விற்றுவிட்டான். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று.

போன வாரம் ஒரு ஆராய்ச்சியாளர் அவன் பட்டறைக்கு வந்தார். அவன் வேலைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, அதில் உடையாத இடது கையைக் காட்டி, "கைன்னா இது கை. உங்களுக்கெல்லாம் இது வராதுப்பா" என்றார். அவனுடைய அம்மனின் போட்டோ. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் செஞ்சதுன்னு போய்ச் சொன்னேன். சிரிக்கிறாங்க. ஜெயில்ல போட்டாலும் பரவால்ல, அதுல என் பேரு இருக்கணும். நீங்க வந்து சொன்னா நம்புவாங்க, ஐயா."

குரு கையைக் கழுவிக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மியூசியத்தில் அம்மன் ஒரு பீடத்தில் நின்றிருந்தாள், சுற்றிலும் கயிறு கட்டி. அழகுதான். அதை யாரும் மறுக்க முடியாது. கீழே பலகையில், காலத்தால் கண்கள் தேய்ந்தவை என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் எழுதியது.

குரு அம்மனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கண் திறக்கலையே."

எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியாகச் சின்ன உளியால் கண் திறப்பார்கள். அதற்கப்புறம்தான் அது சாமி. அதுவரைக்கும் கல். கண் திறந்த சிலையை எந்தச் சிற்பியும் தன் கையால் உடைக்க மாட்டான்.

"பயம், ஐயா. கண்ணத் தொறந்துட்டுக் கைய எப்படி உடைக்கறது? அதான் முதல்லயே உடைச்சுட்டேன்."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"இதுவே போதுமே, ஐயா. கோயில்ல இருந்த சிலைன்னா கண்ணு தொறந்திருக்குமே. இத மட்டும் சொல்லுங்க."

ஓடிப்போய் மியூசிய அதிகாரியைக் கூட்டிவந்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சொல்லுங்க ஸ்தபதி. இது இவர் செஞ்ச சிலையா?"

குரு மடியிலிருந்து சின்ன உளியை எடுத்தார். மாசிலாமணியிடம் நீட்டினார்.

"கண்ணத் திற."

அதிகாரி பதறிக் குறுக்கே வந்தார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. மாசிலாமணி கையை நீட்டவே இல்லை.

"உடைஞ்சதுக்கு எப்படி ஐயா கண் திறக்கறது? திறக்கக் கூடாதே."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

குரு உளியைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார். அதிகாரி பக்கம் திரும்பினார்.

"இவன் சிலை எதுவும் செய்யல, சார். ஒரு கல்ல உடைச்சான். அதுக்கு வேணும்னா நான் சாட்சி."