அழித்துவிட்ட மூன்று கிலோமீட்டர்

“என் மேல தப்பு இருக்குதா, இல்லியா? அதை மட்டும் சொல்லு அம்மிணி” என்று கேட்டார் குழந்தைவேலு.

மைலாத்தாள் மதகின் திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கேட்டவருக்கு ஐம்பத்திரண்டு வயது. திருப்பூரில் சாயப்பட்டறை மேலாளர். அவள் அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். வாய்க்கால் லஸ்கர் வேலை. கரையோரமாகவே சைக்கிளில் போய் எங்கே உடைப்பு, எங்கே கசிவு என்று பார்ப்பதும், நாள் தவறாமல் மதகைத் திறந்து மூடுவதும் அவள் பாடு. பணியில் இருக்கும்போதே இறந்துபோன அப்பாவின் வேலை அது.

அவளைக் குரு என்று அவர் சொல்லிக்கொண்டது முதலில் கிண்டலுக்குத்தான். பிறகு நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் அவர் இந்த மதகடியில் வந்து நின்றார். பைபாசில் கூடவே சைக்கிள் ஓட்டி வந்த நண்பரை லாரி உரசிவிட்டுப் போயிருந்தது. நண்பருக்கு இடுப்பு போயிற்று. இவருக்கு ரோட்டின் மேலிருந்த ஆசையே போயிற்று. ஒரு வண்டிகூட இல்லாத பாதை எங்காவது இருக்கிறதா என்று அவளிடம் கேட்டார்.

“பின்னாலயே வாங்க” என்றாள்.

வாய்க்கால் கரைச் சரளை, பனைமர வரிசை, அப்புறம் ஆற்றங்கரை. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும்தான். குழந்தைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்குச் சலிப்பு வந்தது. பாதை ஆற்றுக்குள் இறங்கித் தரைப்பாலத்தில் அக்கரை போகிறது. அவள் இறங்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு தோட்டத்துக்குப் போனாள். வீட்டு வாசலில் நின்று, “தண்ணி உடறாங்களா?” என்று குரல் கொடுத்தாள். இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. போன வழியே திரும்பி வந்து ஆற்றைக் கடந்தாள்.

ஆற்றில் அன்றைக்குக் காக்கை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. குழந்தைவேலு சிரித்துவிட்டார்.

மேலே அணையைத் திறந்தால் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போன் வரும், ஆற்றில் மோட்டார் போட்டிருப்பவர்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் சேதி போகும் என்று அவள் விளக்கினாள். வெயில் காலம், மழைக் காலம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தில் யாராயிருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

“இதுவும் பாதைதானுங்க” என்றாள்.

அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் என்ன செலவு?

போன பாதையை முழுக்க அவருடைய போன் கோடாக வரைந்து வைத்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஆற்றையொட்டி அழகாக வளைந்து வந்த கோட்டில் ஓரிடத்தில் மட்டும் வால் முளைத்த மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. போவதற்கு ஒன்றரை, வருவதற்கு ஒன்றரை. பார்க்கிறவர்கள் இவர் வழி தவறிவிட்டார் என்று நினைப்பார்கள் என்று அவருக்குப் பட்டது. வாலை அழித்தார். நாற்பத்தைந்து கிலோமீட்டர் நாற்பத்திரண்டாயிற்று.

பாதைப்பித்தன் என்ற பெயரில், ‘வண்டியே இல்லாத ஆற்றோரச் சரளைப் பாதை’ என்று தலைப்புக் கொடுத்து, போனில் இருந்த சைக்கிள் குழுவில் போட்டு ஊருக்கெல்லாம் விட்டார். பாராட்டு குவிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூட்டம் வந்தது. வண்டியே இல்லாத பாதைக்குக் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மதகடியில் கார்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. அத்தனை பேரில் ஒருவராவது அங்கிருந்த மனுஷர்களிடம் வாயைத் திறந்து வழி கேட்டதில்லை. கையில்தான் கோடு இருந்ததே.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்குமரன் என்ற பையன் தனியாக வந்தான். இருபத்து மூன்று வயது. தலைக்கு மேலே வானம் பளிச்சென்றிருந்தது. மலையில் பெய்த மழைக்கு அணையைத் திறந்திருந்தார்கள். கோடு காட்டிய இடத்தில் அவன் இறங்கினான். சைக்கிள் அன்றைக்கே கிடைத்தது. அவன் கிடைக்க மூன்று நாளாயிற்று.

அதற்கப்புறம் ஐந்து மாதமாகக் குழந்தைவேலு பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தார். குழுவில் எல்லோரும் உங்கள் மேல் தப்பில்லை என்றார்கள். வக்கீல் நண்பர் சட்டப்படி ஒன்றும் நிற்காது என்றார். மனைவி, விதி என்றாள். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. அந்த வாலை அழித்ததை அவர்களில் யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. அது தெரிந்தவள் ஒருத்திதான். கோடு வெளியான வாரமே அவளிடம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார். அந்த மூணு கிலோமீட்டர் எங்கே என்று அன்றைக்கே அவள் கேட்டிருந்தாள். அதெல்லாம் பார்க்க நன்றாக இருக்காது என்று சொல்லியிருந்தார்.

இப்போது அவளிடமே வந்து நிற்கிறார்.

“பாதையக் காட்டுனது யாருங்க?” என்று கேட்டாள்.

“நீதான்.”

“அப்பறம் எம்மேலயுந் தப்பு இருக்குதான்னில்ல கேக்கோணும். வாங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். அவர் பின்னாலேயே போனார். அதே கரை, அதே பனைமரங்கள். சரளைச் சத்தம் இப்போது அவருக்குப் பிடிக்கவில்லை.

தரைப்பாலத்துக்குமேல் பாதை சரியும் இடம் வந்தது. கீழே வெறும் மணல். அவர் கை தன்னையறியாமல் பிரேக்கை விட்டது; சைக்கிள் இறங்கப் பார்த்தது. அவள் சைக்கிளைத் திருப்பினாள். அவரும் திருப்பினார். தோட்டம் கண்ணுக்குத் தெரிந்ததும், இன்றைக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றாள்.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட பேன்ட், சட்டைப் பையில் பேனா. தோட்டத்து ஆள் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் ஒரு போன் மட்டும் இருந்தது.

குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தண்ணி உடறாங்களா?”

“இல்லீங்க. தாராளமாப் போலாம்” என்றவர், முகமெல்லாம் சந்தோஷமாக எழுந்து நின்றார். சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

குழந்தைவேலு வாங்கிக் குடித்தார்.

மைலாத்தாளைப் பார்த்து அந்த மனிதர் தன் ஈரோட்டு வீட்டுக் கதையெல்லாம் பேசினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாராம். அன்றைக்கு ஒருநாள் மட்டும் இந்த வீட்டுப் போனைத் தன்னிடம் கொடுத்துவைக்கச் சொல்லிக் கெஞ்சி வாங்கியிருக்கிறாராம். சைக்கிளில் வருகிறவர்களை ஆற்றங்கரையிலேயே நின்று மறிக்கத்தான் முதலில் நினைத்தாராம்.

“ஆத்தப் பாத்துக்கிட்டு உக்கார முடியலீங்க” என்றார். “எம் பையன் திருக்குமரன் போன எடமுங்க அது.”

குழந்தைவேலின் கையில் சொம்பு அப்படியே நின்றது.

“இங்க வந்து கேட்ட மொத சைக்கிள்காரரு நீங்கதானுங்க. அஞ்சு மாசமா ஒருத்தர் வரலே. எல்லாம் அந்த மேப்பப் பாத்து நேராப் போயிர்றாங்க. யாரோ பாதைப்பித்தனாமா, அவரு போட்டது. அவர் மேல கேசு போடச் சொல்லி வீட்டுல எல்லாரும் நின்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏனுங்க?” என்று கேட்டது மைலாத்தாள்.

“பாவம், அந்த மனுசனுக்கு இப்பிடி ஒரு தோட்டம் இருக்கறதே தெரிஞ்சிருக்காதுங்க அம்மிணி. தெரிஞ்சிருந்தா அதையும் மேப்புல போடாம இருப்பாருங்களா? அவர் மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

குழந்தைவேலு சொம்பைக் கட்டில்மேல் வைத்தார். மைலாத்தாளைப் பார்த்தார்.

அவள் ஸ்டாண்டை எடுத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“நீங்க கேட்டு வந்த பதில் அதுதானுங்களே சார்” என்றாள். “வாங்கிக்கிட்டுப் போங்க.”