தோள்மேல் நான்கு விரல்

"டீச்சர், புதுசாப் படிக்கவனுக்கு எந்த சாப்ட்வேர் சுலபம்?"

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் ஆவுடையப்பன் இதைக் கேட்டுவிட்டார்.

சங்கரன்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். சித்திரை வெயில், மத்தியானம் மூன்று மணி. ஜெபக்கனி டீச்சர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். காலையிலிருந்து நாலு வகுப்பு எடுத்த அலுப்பு முகத்தில் அப்பிக் கிடந்தது.

"என்ன செய்யணும் சார்?"

"போட்டோவில ஒரு ஆள அழிக்கணும்."

"ஒரு ஆளா?"

"ஒரே ஒரு ஆளுதான்."

டீச்சர் டப்பாவைத் திரும்ப மூடினார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். பாதி ஊருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவர். அதிகம் பேசமாட்டார். பேசிப் பேசித் தொண்டை போனதுதான் மிச்சம் என்பார்.

"ஸ்டூடியோவில குடுத்தா ரெண்டு நிமிஷத்தில பண்ணிக் குடுப்பாங்களே."

"போனேன். அவனும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னான். பென்டிரைவத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். நானே படிச்சுச் செய்யலாம்னு."

"ஏன் சார்?"

ஏன் என்று ஆவுடையப்பனுக்கே தெரியவில்லை. இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டீச்சர் படத்தைத் திறந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் எடுத்தது. சர்வேயர் வேலையிலிருந்து ஆவுடையப்பன் ஓய்வு பெற்ற நாள். வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு, ரோஜா மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் மனைவி பிரமு, வாய்விட்டுச் சிரித்தபடி. இன்னொரு பக்கம் மகள் சிவகாமி. பின்னால் ஒரு இளைஞன். அவன் கை அவருடைய இடது தோள்மேல் இருக்கிறது. மாலைக்கு ஓரமாக நான்கு விரல் தெரிகிறது.

"இதுல யாரு சார்?"

"பின்னால நிக்கானே, அந்த ஆளு."

டீச்சர் படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"மூக்கு அப்படியே உங்க மூக்கு."



அந்த ஆளின் பெயர் கோமதிநாயகம். அவருடைய மூத்த பிள்ளை. பிரமு போய்ச் சேர்ந்த ஆறாம் மாதம், சென்னையில் வேறு சாதிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ஒருமுறை அந்தப் பெண்ணோடு வாசல் வரை வந்தான். பிரமுவின் அண்ணன் திரவியம் வாசலை மறித்து நின்று, "படி ஏறாதல" என்றார். ஆவுடையப்பன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மகனைத் திட்டவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அப்படி உட்கார்ந்திருந்ததுதான் இன்றுவரை அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கிறது.

வருகிற வைகாசியில் சிவகாமிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் குடும்பப் படம் போட்டு பேனர் வைக்க வேண்டும். பிரமு சிரித்திருக்கிற படம் வீட்டில் இது ஒன்றுதான்.

"பேனர்ல அவன் மூஞ்சி இருந்தா நான் மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று திரவியம் சொல்லிவிட்டார். அவர் தாய்மாமன். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்துத்தான் பெண் மணவறைக்கு வர வேண்டும். அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம்.

தாயில்லாத பெண். மாமனும் வராமல் அவள் மணவறை ஏறுவதை ஆவுடையப்பனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் அவர் விட்டு விட்டுத்தான் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டார்.

"புதுசாப் படிக்கவங்களுக்கு இது போதும் சார்" என்று ஒரு சின்ன சாப்ட்வேரைக் காட்டினார். "ஆறே பொத்தான். இதுக்கு மேல இருந்தா குழப்பம்."

"எதை அமுக்குனா அழியும்?"

"அழிக்கதுன்னு ஒண்ணு கிடையாது சார். பக்கத்துல இருக்க சுவர எடுத்து ஆளு மேல வச்சு மூடுதோம். அவ்வளவுதான்."

"சரி."

"இன்னொண்ணு. அசல் படத்தத் தொடாதீங்க. நகல் எடுத்து, அதுல வேல பாருங்க."

ஆவுடையப்பன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சர்வேயர் புத்தி, எதையும் எழுதிக்கொள்ளாமல் விடாது.

*

ஒரு வாரம் கழித்து வந்தார்.

"இது சரிப்படல டீச்சர்."

டீச்சர் பார்த்தார். ஆள் போயிருந்தான். அவன் நின்ற இடத்தில் சுவர் இருந்தது, ஜன்னல் கம்பி இருந்தது. ஒரு கம்பிகூடக் கோணவில்லை. முப்பத்திநாலு வருடம் வயலுக்கும் வயலுக்கும் நடுவில் கோடு போட்ட கை. எத்தனையோ அண்ணன் தம்பிகளுக்கு நடுவே எல்லைக்கல் ஊன்றிய கை.

ஆனால் தோள்மேல் நான்கு விரல் அப்படியே இருந்தது. ஆள் இல்லாமல் விரல் மட்டும்.

"விரல்கிட்ட வந்தா மக்கர் பண்ணுது" என்றார் ஆவுடையப்பன். "வேற இருக்கா? இதவிடச் சுலபமா?"

டீச்சர் அவருடைய போனை வாங்கி, ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்.

"இதுல பொத்தானே கிடையாது சார். விரல வச்சுத் தேச்சா போதும்."

ஐந்தாம் நாள் மறுபடியும் படியேறி வந்தார். கண் சிவந்திருந்தது.

"போன் நின்னு நின்னு போகுது டீச்சர். என் விரலு தடிமன். சரியா வரல."

படத்தில் ஆள் இல்லை. நான்கு விரல் இருந்தது.

"பெருசா ஒண்ணு வச்சிருப்பாங்களே, ஸ்டூடியோக்காரங்க. அதப் படிச்சிருதேன்."

"அது கஷ்டம் சார்."

"பரவால்ல."

டீச்சர் பெருமூச்சு விட்டார். சொல்லிக் கொடுத்தார். அது பெரிய கோயில் மாதிரி இருந்தது. உள்ளே போனால் எந்த வாசல் வழியாக வெளியே வருவது என்று தெரியவில்லை. ஆவுடையப்பன் இரண்டு வாரம் அதிலேயே கிடந்தார். வீட்டில் மகள் படித்த பழைய கம்ப்யூட்டர் முன்னால், விடிந்ததும் உட்காருவார், சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஒருநாள் சிவகாமி காபி கொண்டுவந்தாள். திரையைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காபியை அவர் குடிக்கவில்லை.

*

கடைசியாக வந்தது ஒரு வியாழக்கிழமை. பேனர் அடிப்பவர் அன்று ஐந்து மணிக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். காலையில் திரவியம் வேறு போன் செய்து, "என்ன மாப்ள, முடிஞ்சிட்டா?" என்று கேட்டிருந்தார்.

"அதுவும் உதவாது டீச்சர்." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மூணும் உதவாது. விரல்கிட்ட வந்தா எல்லாம் ஒரே மாதிரித்தான் மக்கர் பண்ணுது. நெசமாவே சுலபமானது எதுன்னு சொல்லிருங்க. எனக்குத் தெம்பு இல்ல."

டீச்சருக்கும் தெம்பு இருப்பதாகத் தெரியவில்லை. வேறொரு படத்தைத் திறந்து வைத்தார். மாணவர்கள் பழகுவதற்கு வைத்திருந்தது. யாரோ இரண்டு பேர் சைக்கிள் கடை முன்னால் நிற்கிறார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை.

"கை போட்டுருக்க ஆள எடுத்துருங்க."

"என் படம் அஞ்சு மணிக்கு..."

"முதல்ல இது."

"எந்த சாப்ட்வேர்ல?"

"உங்க இஷ்டம்."

டீச்சர் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். தயிர்சாதத்தின் கடைசிக் கவளம் உள்ளே போவதற்குள் ஆவுடையப்பன், "முடிஞ்சிட்டு" என்றார்.

கையைக் கழுவிவிட்டு வந்து டீச்சர் பார்த்தார். சைக்கிள் கடை முன்னால் ஒருவர் மட்டும் நின்றார். தோளில் சட்டைக் கோடுகூடப் பிசகவில்லை.

"எதுல செஞ்சீங்க?"

"நீங்க முதல்ல குடுத்ததுலதான். ஆறு பொத்தான்."

"விரலு?"

"போயிட்டு."

சொல்லிவிட்டு ஆவுடையப்பனே திரையை ஒருமுறை பார்த்தார். அவருக்கு எதற்கோ பயமாக இருந்தது.

"இப்ப உங்க படத்த எடுங்க."

எடுத்தார். நகல் போட்டார். சுவரால் மூடினார், கம்பியை இழுத்துவிட்டார். கை தானாகவே ஓடியது. கால்மணி நேரத்தில் ஆள் போய்விட்டான். விரல் மட்டும் மிச்சம்.

விரலை எடுக்கப் படத்தைப் பெரிதாக்கியாக வேண்டும். பெரிதாக்கினார். விரல்கள் திரை முழுக்க வந்து நின்றன. மோதிர விரலின் நகம் கோணல். பத்தாம் வகுப்பு லீவில், "நானும் வருதேன்ப்பா" என்று நிலம் அளக்கக் கூடவே வந்தவன், கல்லைத் தூக்கப் போய் விரலில் போட்டுக்கொண்டான். அன்று அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் ஆவுடையப்பன்தான்.

மவுஸின் அம்பு அந்த நகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது.

ஆவுடையப்பன் மவுஸை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தோள் வலிக்கா சார்?"

"ஆமா டீச்சர். ஒரு மாசமாப் போட்டு எடுக்கு. இந்த மவுஸப் பிடிச்சுப் பிடிச்சு..."

"மவுஸ வலது கையிலல்லா பிடிக்கீங்க."

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை இடது தோள்மேல் இருந்தது. நான்கு விரல் முன்னால் தெரிந்தது. திரையிலும் அதே தோளில், அதே இடத்தில் நான்கு விரல் இருந்தது.

வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. துடைக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"அஞ்சு நிமிஷந்தான் தாங்கும் சார். மூடிருங்க."

மூடப் போனார். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"என்ன கேக்கு டீச்சர்?" அவருக்கு எழுத்து தெரியவில்லை, கண் அப்படி மங்கியிருந்தது.

"இவ்வளவு நேரம் செஞ்சத வச்சுக்கிடவா, வேண்டாமான்னு கேக்கு."

"வேண்டாம்னு சொல்ல எங்க அமுக்கணும்?"

டீச்சர் தொட்டுக் காட்டினார்.

ஒரே தட்டு. போய்விட்டது.

"இது சுலபமா இருக்கே" என்றார் ஆவுடையப்பன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அசல் இருக்குல்லா சார்?"

"தொடவே இல்ல. நீங்கதான் சொன்னீங்களே."

பென்டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மணி நாலே முக்கால்.

"பேனருக்கு எது போகுது?"

"அசலு."

"தாய்மாமன் வரலைன்னா? மாலைய யாரு எடுத்துக் குடுப்பா?"

யூபிஎஸ் கத்துவது நின்றது. திரை இருண்டுவிட்டது. தெருவில் ஒரு பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கோமதி இருக்கான்" என்றார். "அண்ணன்காரன் எடுத்துக் குடுக்கட்டும். போற வழியிலயே அவனுக்குப் போன் போட்டு, ரெண்டு பேரையும் வரச்சொல்லுதேன்."

வாசல் வரை போய்விட்டார். டீச்சர் பின்னாலேயே வந்தார்.

"உங்க மச்சான் ஏன் அழிக்கலன்னு கேப்பாரே சார்."

ஆவுடையப்பன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். நின்றார்.

"ஒரு மாசம் உக்காந்து படிச்சுப் பாத்தேன், எனக்கு வரலன்னு சொல்லுதேன்."