யாளியின் பின்னங்கால்

நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும், சரியா? ஒரு ஊர்ல ஒரு யாளி, மினி வேன் கூரை மேல படுத்துக்கிட்டே வந்து இறங்குச்சு. யாளின்னா தெரியும்ல? கோயில் தூண்ல நிக்குமே, சிங்க உடம்பும் யானைத் தும்பிக்கையுமா, அதுதான். ஆனா இது கல்லு இல்ல. உள்ள மூங்கில், மேல ஸ்பாஞ்சு, அதுக்கு மேல தென்னநாரும் பெயிண்ட்டும். முன்னங்காலுக்கு ஏகாம்பரம்னு ஒருத்தர், பின்னங்காலுக்கு ராயப்பன்னு ஒருத்தர். ரெண்டு பேரும் உள்ள போய், வயித்துப் பக்கம் சர்ர்ருனு ஜிப்பு போட்டாதான் அது நடக்கும்.

ம்?

ம். சினிமாவுக்குத்தான் வந்துச்சு. குழந்தைங்க பாக்குற சின்னப் படம். பெரிய படம்னா கம்ப்யூட்டர்லயே யாளி செஞ்சிருப்பாங்க. இவங்களுக்கு அதுக்கெல்லாம் வழி இல்ல. படம் எடுத்தவங்க பேரு தமயந்தி. கதை இதுதான்: தூண்லேருந்து ஒரு யாளி இறங்கி வந்து ஒரு பொண்ணுகூட சிநேகமாகும், கடைசில அவகிட்ட சொல்லிட்டுத் தூணுக்கே திரும்பிப் போயிடும்.

அந்தப் பொண்ணா நடிக்க அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துலேருந்தே செவ்வந்தின்னு ஒருத்திய பிடிச்சாங்க. ஆறு வயசு, உன்னவிட ஒரு வயசு சின்னவ. நடிப்புன்னா என்னன்னே தெரியாது. முதல் நாள் யாளியப் பாத்ததும் கிட்டப் போயி, தும்பிக்கையத் தடவி, பயப்படாதன்னு அதுக்குத் தைரியம் சொன்னா. தமயந்தி அதப் பாத்தாங்க. அப்பவே எல்லாரையும் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டாங்க. அந்தப் பிள்ள வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உள்ள போயிடணும், அவ வீட்டுக்குப் போனப்புறம்தான் வெளிய வரணும். கடைசி நாள் அவ யாளிய வழியனுப்பணும், அந்த அழுகை நிஜமா வேணும். அது வரலைன்னா படமே இல்ல.

"பொய் சொன்னாங்களா, பெரியப்பா?"

சொல்லல. உண்மைய சொல்லாம விட்டாங்க. ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா, எனக்கு இன்னும் பிடிபடல. படுத்துக்கிட்டே கேளு.

அப்புறம், மூணாம் நாள் பின்னங்கால்லேருந்து ஹச்சுனு ஒரு தும்மல். ராயப்பனுக்குத் தென்னநாரு மூக்குல ஏறிடுச்சு. செவ்வந்தி சுத்திப் போய்ப் பாத்துட்டு, இதுக்கு வாலுகிட்டயா மூக்குன்னு கேட்டா. யாளிக்கு உடம்பு பூராவும் ஜலதோஷம்னு தமயந்தி சமாளிச்சாங்க.

அப்புறம் ஏழாம் நாள் மழை. ஸ்பாஞ்சு தண்ணிய உறிஞ்சு வயிறு தரையில இழுபட, யாளி சொளக் சொளக்குனு நடந்துச்சு. செவ்வந்தி வீட்டுக்கு ஓடிப்போயி ஒரு லோட்டா சுக்குக் காப்பி கொண்டு வந்து வாய்ல ஊத்துனா. உள்ள ஏகாம்பரம் கடகடன்னு குடிச்சிட்டார். பின்னாலேருந்து ராயப்பன், எனக்குக் கொஞ்சம் வைய்யான்னு முணுமுணுத்தார். நல்லவேளை, இடி இடிச்சுது, அவ காதுல விழல.

ம்?

ம். அப்புறம் கடைசி நாள் வந்துச்சு. சினிமாக்காரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷூட்டிங் மொத்தமும் முடிஞ்சா கேமராவுக்குப் பூசணிக்காய் சுத்தி உடைப்பாங்க. உடைச்சாச்சுன்னா முடிஞ்சாச்சு. அந்த யூனிட்ல ஜெனரேட்டர் வண்டி ஓட்டுற கோட்டைச்சாமிதான் எப்பவும் உடைக்கிறவர். அன்னிக்குச் சாயங்காலம், கடைசிக் காட்சிய வெயில் வெளிச்சத்துலயே எடுக்கலாம்னு லைட்டெல்லாம் அணைக்கச் சொன்னாங்க. கோட்டைச்சாமி வண்டியில தூங்கி எந்திரிச்சு வந்தவர், லைட்டு அணைஞ்சதப் பாத்து எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டார். கற்பூரத்த ஏத்தி, மூணு சுத்து சுத்தி, டமார்.

சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்துல எல்லாரும் கை தட்டுனாங்க. யாளிக்குள்ள இருந்தவங்களுக்கும் அதே பழக்கம்தான். சர்ர்ர். ஏகாம்பரமும் ராயப்பனும் வேர்வை சொட்டச் சொட்ட வெளிய வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க.

எதிர்ல செவ்வந்தி நின்னுக்கிட்டு இருந்தா.

அப்போ கைதட்டல் நின்னு போச்சு. யாளி தரையில தொப்புனு மடிஞ்சு கிடந்துச்சு. மறுநாள் கேமரா வேற ஊருக்குப் போகணும். சூரியன் மலைக்குப் பின்னால இறங்க இன்னும் கால் மணி நேரம். கோட்டைச்சாமி தலையில கைய வச்சு உக்காந்துட்டார். தமயந்தி யாரையும் திட்டல. செவ்வந்தி முன்னாடி மண்ணுல உக்காந்து, உன்கிட்ட சொல்லாம மறைச்சது நான்தான்னு சொன்னாங்க.

செவ்வந்தி குனிஞ்சு யாளி வயித்துக்குள்ள கைய விட்டுப் பாத்தா. உள்ள சூடா இருந்துச்சு. அப்புறம் ராயப்பன்கிட்ட வந்தா.

"நீங்கதான் பின்னாடியா?"

"ஆமா பாப்பா."

"உள்ள என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. இருட்டு. இவரு இடுப்ப பிடிச்சுக்கிட்டே நடப்பேன்."

"நாளைக்கு?"

"ஊருக்குப் போறோம்."

"திரும்ப வருவீங்களா?"

அவரு பொய் சொல்லிருக்கலாம். இல்ல பாப்பான்னாரு. செவ்வந்தி கண்ணு நிறைஞ்சுது.

கேமராமேன் மெதுவா கேமரா பக்கம் போனார். தமயந்தி கைய நீட்டி அவரத் தடுத்துட்டாங்க. வெளிச்சம் போய்க்கிட்டே இருக்கு, அப்பவும் தடுத்தாங்க. அப்புறம் செவ்வந்தியப் பாத்துக் கேட்டாங்க.

"எடுக்கலாமாடா? வேண்டாம்னா வேண்டாம்."

அவ மடிஞ்சு கிடந்த யாளியப் பாத்தா. அப்புறம், ரெண்டு பேரையும் உள்ள போகச் சொல்லுங்கன்னா. அவங்க உள்ள போனாங்க. ஜிப்ப அவளே போட்டு விட்டா.

தும்பிக்கையக் கட்டிக்கிட்டு அழணும்னுதான் எழுதி வச்சிருந்தாங்க. செவ்வந்தி தும்பிக்கைகிட்ட ஒரு தடவ நின்னா, தலைய ஆட்டுனா. அப்புறம் நேரா பின்னால போயி, இருட்டுல நிக்கிற அந்தக் காலக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அழுகையே வரல. மெதுவா, பாத்துப் போங்கன்னு மட்டும் சொன்னா.

படத்துலயும் அப்படியேதான் இருக்கு. பொண்ணு அழல. யாளியோட பின்னங்கால் மட்டும் கிடுகிடுன்னு நடுங்கும். அத யாரும் நடிக்கச் சொல்லல.

ம்?

ம் கொட்டலையா? சரி. யாளியும் தூணுக்குப் போயாச்சு, நீயும் தூக்கத்துக்குப் போ.