பேராசிரியர் வரைந்த அம்பு

பேராசிரியர் ஆளவந்தார் கையெழுத்துப் போடாமல் அந்தத் துறையிலிருந்து ஒரு ஆய்வேடும் வெளியே போகாது. அவர் ஒருநாள் தன் ஆய்வு மாணவி அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"என் மேதைமையாலதான் மாணவர்கள் ஜெயிக்கிறாங்கன்னு கம்ப்யூட்டரே சொல்லணும். இல்லேன்னா கையெழுத்தை மறந்துடு" என்று சொல்லி, மவுஸைப் பிடுங்கி, அவள் ஆய்வுப் படத்தில் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் அம்பைத் தானே வரைந்தார்.

கருத்தரங்கில் அந்தப் படம் திரையில் ஒளிர்ந்தது. 'வழிகாட்டியின் மேதைமை' என்ற வட்டத்திலிருந்து 'மாணவர் வெற்றி' என்ற வட்டத்துக்கு அம்பு பாய்ந்தது. திரட்டிய தரவோடு படம் எவ்வளவு பொருந்துகிறது என்று எண்கள் கீழே வந்தன. அபாரமான பொருத்தம்!

"கம்ப்யூட்டர் என்ன எனக்குச் சொந்தமா, பொய் சொல்ல?" ஆளவந்தார் நெஞ்சை நிமிர்த்தினார். "அம்பைத் திருப்பிப் போடும்மா, எல்லாம் நொறுங்கிடும். நொறுங்கலேன்னா இங்கேயே கையெழுத்துப் போடறேன்!"

அஞ்சுகம் திருப்பினாள். இப்போது மாணவர்கள் ஜெயிப்பதால்தான் அவர் மேதை.

கடைசித் தசமம்வரை ஒரு எண்கூட அசையவில்லை.

ஆளவந்தார் திரையருகே போய், கருவறை முன் நிற்பவர்போல் தணிந்த குரலில், "இன்னொரு தடவை திருப்பு" என்றார். அப்போதும் அசையவில்லை.

"அப்போ அம்பு எந்தப் பக்கம்னு யாரும்மா முடிவு பண்றது?"

"வரையிற கைதான் ஐயா" என்ற அஞ்சுகம், அந்தக் கையை நோக்கிப் பேனாவை நீட்டினாள்.