மூன்றாவது புரி

ஜெனோவாவின் இஞ்சின் கொட்டகையில் ஒரு மாதமாக ஒரே கேள்விதான். கேட்பவர் பர்னபாஸ்.

அவருக்கு அறுபது நெருங்குகிறது. முழங்கால் போய்க் கடலை விட்டபின், இஞ்சின் வேலை பழக ஜெனோவாவிடம் வந்து சேர்ந்தவர். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் முதல் நாளே அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டார். கொட்டகையில் கூட வேலை செய்யும் எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

மகன் ரெமிக்குப் பழைய இஞ்சின் ஒன்று வாங்க நாலு மாதம் கரை கரையாக அலைந்தார். ஒன்றில் கியர் ஆயில் பாலாய் வெளுத்திருந்தது. தண்ணீர் புகுந்தது, வேண்டாம் என்றார். இன்னொன்றுக்கு மேலே புதுப் பெயிண்ட், உள்ளே உப்பு. இப்படி ஒன்பதைக் கழித்துவிட்டுப் பத்தாவதை எடுத்தார். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இறக்கி, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தார்கள். ஒரே இழுப்பில் ஓடியது. மனுசன் அன்றைக்குச் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

வள்ளத்தில் பொருத்தும்போது ஜெனோவா சொல்லிக்கொடுத்த முறைப்படியே செய்தார். முதலில் கயிறு, அப்புறம்தான் திருகு. பின்பலகையிலிருந்து இஞ்சின் கழன்றாலும் கடலுக்குள் போய்விடாமல் வள்ளத்தோடு பிடித்து வைக்கும் கயிறு அது. மூன்று புரி சேர்த்து முறுக்கிய நைலான். முடிச்சை இறுக்கிவிட்டு மகனிடம் சொன்னார்.

"என்ன வந்தாலும் இஞ்சினை விட்டுறாதல."

பதினோராம் நாள் நண்டு வலை எடுக்கத் தனியாகப் போன ரெமி திரும்பவில்லை. மறுநாள் வள்ளம் மட்டும் கிடைத்தது. பலகை உடைந்து, பின்பக்கம் தண்ணீருக்குள் அமிழ்ந்து, இஞ்சின் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பையனின் உடல் கிடைக்கவே இல்லை. பாவம், பெட்டி வைத்து அழக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இஞ்சினைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். பர்னபாஸ் அதைத் தினமும் பிரித்தார், தினமும் பூட்டினார். உடைந்த பலகையைக் கையில் வைத்துப் பார்த்து, உள்ளே ஊறிப்போயிருந்ததை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். இஞ்சினையே பார்த்துப் பார்த்துப் பலகையைப் பார்க்காமல் விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதோடு கேள்வி தீரவில்லை.

"பலகை உடைஞ்சுது, சரி. இஞ்சின் விழுந்துது, சரி. வள்ளம் முங்கலையே. அவன் ஏன் போனான், மேஸ்திரி?"

ஜெனோவா ஒவ்வொரு நாளும் ஏதாவது வேலையைச் சொல்லி அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டாள். அவள் ராத்திரி தூங்குகிறாளா என்பதே எங்களுக்குச் சந்தேகம்.

நேற்று அவர் காலையில் வந்து இஞ்சினைத் தொடவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளை வரமாட்டேன் என்றார். எங்கே போவார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த அந்த இஞ்சின் கயிற்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"கயித்துல என்ன இருக்கு? அது ஒண்ணுதானே நின்னுச்சு" என்றார்.

"தடவிப் பாருங்க, அண்ணாச்சி."

அவர் ஒரு முனையிலிருந்து விரலை ஓட்டினார். முக்கால்வாசி தூரம் வந்ததும் விரல் நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூன்று புரியில் இரண்டு துண்டாகியிருந்தன. தேய்ந்து போயிருந்தால் நுனி பஞ்சாய்ப் பிரிந்திருக்கும். இது வழுவழுவென்று இருந்தது.

"கத்தி" என்றார்.

தொங்கிய இஞ்சின் பின்பக்கத்தைக் கீழே இழுத்திருக்கும், அந்தப் பக்கமாக அலை ஏறி அவனைக் கொண்டுபோயிருக்கும் என்று ஜெனோவா மெதுவாகச் சொன்னாள். அறுத்துவிட்டிருந்தால் வள்ளம் நிமிர்ந்திருக்கும். இஞ்சின் வந்த அன்றைக்கே இதைப் பார்த்துவிட்டதாகவும், சொல்ல வாய் வரவில்லை என்றும் சொன்னாள். கயிற்றைக் கட்டச் சொல்லிக்கொடுத்தது தான்தானே என்று அழுதாள்.

பர்னபாஸ் அழவில்லை. மிஞ்சியிருந்த மூன்றாவது புரியைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டை அறுத்திருக்கான். இன்னும் ஒண்ணுதான். கத்தியை ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். ஏன் நிறுத்தினான், மேஸ்திரி?"

ஜெனோவா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க வாங்கிக் குடுத்ததுல்லா, அண்ணாச்சி."