கைதட்டாத கூட்டம்

போலீசுக்கும் ஜெயிலுக்கும் தலைவரான ஷெரீப்பை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊர் கூத்தங்குடி. மூன்று தடவை ஜெயித்த ஷெரீப் தாண்டவமூர்த்தி, தன்னைக் குறை சொன்னவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருந்தார். நாலாவது தேர்தல் கூட்டத்துக்கு ஊரில் ஆளே இல்லை.

ஜெயில் சமையல்காரன் எசக்கியைக் கூப்பிட்டார். "சாயங்காலம் ஐந்நூறு பேர் வரணும். இல்லேன்னா நீயும் உள்ளதான்!"

"பிரியாணிகூட வேண்டாம்யா. ஜெயில் சாவியை மட்டும் குடுங்க."

"விலங்கோட கூட்டிட்டு வா!"

மைதானம் நிரம்பி வழிந்தது. ஷெரீப் ஒரு மணி நேரம் முழங்கினார். ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை.

"டிவிக்காரன் பார்க்கிறான். ஏன்டா எசக்கி, ஒருத்தனும் தட்டல?"

"கையைப் பின்னால வெச்சுல்ல விலங்கு மாட்டியிருக்கு!"

"கழட்டித் தொலைடா!"

கழட்டியதும் கைதட்டல் காதைப் பிளந்தது. தட்டிக்கொண்டே ஐந்நூறு பேரும் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவரின் கூட்டத்துக்கு நடையைக் கட்டினார்கள்.

"போலீஸ்! பிடிங்கடா!"

எசக்கி எட்டிப் பார்த்தான். "முன்னால தட்டிக்கிட்டுப் போறதே அவங்கதான்யா!"